கடைக்கு ஒரு பின்வாசல்

கேள்வி: டீக்கடைக்கு எதுக்கு சார் தீயணைப்பான்? குடம் குடமாகத் தண்ணீர் இருக்கிறதே!
(டீக்கடைக்காரர், திண்டுக்கல்)

பதில்: விறகோ அட்டைப்பெட்டியோ எரிந்தால் உங்கள் குடம் போதும். ஆனால் பஜ்ஜிச் சட்டியும் வைத்திருப்பீர்களே! அங்கே தண்ணீரைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்போது அதன் சூடு 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடிக்குப் போகும், போன நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். அந்த இடத்துக்காக எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி வீசும்.

எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு சாயங்காலம் கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் பால் பக்கம் திரும்பிய நேரம். சட்டியில் முதலில் புகை, பிறகு ‘புஸ்’ என்று ஒரு சத்தம், ஒரு முழ உயரத்துக்குச் சுவாலை. மேஜை துடைக்கிற பையன் தண்ணீர் மக்கோடு ஓடிவந்தான். மாஸ்டர் இடது கையால் அவனைத் தடுத்தார். வலது கையால் அடுப்பை அணைத்தார். இட்லிக் குண்டான் மூடியை எடுத்து, கேடயம் மாதிரி தன் பக்கம் பிடித்துக்கொண்டு, சட்டிமேல் அப்படியே சரித்து மூடினார். பத்து எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அதோடு விடவில்லை. அரை மணி நேரத்துக்கு அந்த மூடியை யாரையும் தொடவிடவில்லை. சூடு இறங்குமுன் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

சட்டியைவிடப் பெரிய மூடி ஒன்றை அடுப்புக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டுங்கள். பெரிய பொரிப்பு வேலை நடக்கிற கடையென்றால், சமையல் எண்ணெய்க்கென்றே ‘வெட் கெமிக்கல்’ என்ற தீயணைப்பான் வருகிறது, அதை வாங்குங்கள்.

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய தீயணைப்பான் இன்னும் புத்தம்புதிதாக இருக்கிறது. ரீஃபில் செய்யத்தான் வேண்டுமா?
(ஜெராக்ஸ் கடை, மதுரை)

பதில்: புதிதாக இருப்பது பெயிண்ட்! தலையில் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறதே, அதன் முள் பச்சையில் நிற்கிறதா? கழுத்தில் தொங்கும் அட்டையில் அடுத்த ரீஃபில் தேதி என்ன? பவுடர் வகையென்றால் உள்ளே மாவு இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. முள் பச்சையில் இருந்தாலும் தேதி தாண்டிவிட்டால் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. கடைகளில் இருக்கிற சின்ன தீயணைப்பான் அதிகம் போனால் இருபது விநாடிதான் பீய்ச்சும். எப்படிப் பிடிப்பது என்று அந்த இருபது விநாடியில் படிக்க முடியாது. பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசவேண்டும். சுவாலையின் உச்சியில் அடித்தால் அத்தனையும் வீண். ஜெராக்ஸ் மெஷின்மேல் பவுடர் அடித்தால் தீ அணையும், மெஷினும் பாழாகும். கார்பன் டை ஆக்ஸைடு வகை ஒன்று வைத்துக்கொண்டால் மெஷின் தப்பிக்கும். அதன் கூம்பு வாயைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரிலேயே தோல் புண்ணாகிவிடும். அடித்து முடித்ததும் அந்தச் சின்ன அறையில் நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பியூஸ் அடிக்கடி போய்விடுகிறது. கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டால் என்ன?
(தையற்கடை, ஈரோடு)

பதில்: பியூஸ் போகாது, கடை போய்விடும். பியூஸ் கம்பி தன்னை எரித்துக்கொண்டு சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றுகிறது. நீங்கள் அதைத் தடியாக்கினால் அந்த வேலை வயரின் தலையில் விழும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அயர்ன்பாக்ஸுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். எம்சிபி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பிளக் பாயிண்டில் ஸ்குரூ தளர்ந்து சூடேறினால் எம்சிபிக்குத் தெரியாது. பிளக் பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ அன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் காலடியில் வெட்டுத்துணி மூட்டை கிடக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: மெஸ்ஸில் எத்தனை கேஸ் சிலிண்டர் வைக்கலாம்? வீட்டு சிலிண்டர் இரண்டு சும்மா கிடக்கிறது.
(மெஸ் நடத்தும் அம்மா, திருச்சி)

பதில்: வீட்டுக்கு வருவது 14.2 கிலோ, கடைக்கு உரியது 19 கிலோ. வீட்டு சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவது சட்டப்படி தப்பு, வேண்டாம்மா. மொத்தம் 100 கிலோவைத் தாண்டினால் தனி உரிமம் வாங்கவேண்டும். ஐந்து கடை சிலிண்டர் 95 கிலோ. ஆறாவது உள்ளே வந்தால் கணக்கு மாறிவிடும்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரைப் பள்ளத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்காதீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் வாடை அடித்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், ஃபிரிட்ஜ் பக்கமும் போகவேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆட்களோடு வெளியே போய் 1906-க்கு அடியுங்கள். கசிவைத் தேடத் தீக்குச்சி கிழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோப்பு நுரை போதும், கசிகிற இடத்தில் குமிழ் வரும். ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இன்ஸ்பெக்ஷன் வரும் அன்று மட்டும் மாடிப்படியில் இருக்கிற பண்டலை எல்லாம் எடுத்துவிடுகிறோம். போதுமா?
(ஜவுளிக்கடை, கும்பகோணம்)

பதில்: அதிகாரி வருகிற தேதி உங்களுக்குத் தெரியும். தீ வருகிற தேதி தெரியுமா? 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி உபஹார் தியேட்டரில் தீ பிடித்தது கீழே, டிரான்ஸ்ஃபார்மரில். மேலே பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வர முடியாமல் புகையில் மூச்சடைத்துப் போனார்கள். மொத்தம் 59 பேர். நாலு டிக்கெட் கூட விற்கலாம் என்று நடைபாதையை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். உங்கள் பண்டலும் அந்த நாற்காலி மாதிரிதான்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளியேறும் கதவுக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் சொல்கிறது. துணி அளக்கிற ஸ்கேல் உங்கள் கையிலேயே இருக்கிறது, வாசலையும் படியையும் இன்றைக்கே அளந்துவிடுங்கள். ஆடிக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்தப் படியில் இறங்கி ஓடவேண்டியிருந்தால் முடியுமா என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

கேள்வி: தீ பிடித்தால் முதலில் எடுக்க வேண்டியது எது? கல்லாவா, கணக்கு நோட்டா?
(மளிகைக்கடை, விருதுநகர்)

பதில்: பரண்மேல் சரக்கு எடுக்க ஏறிய பையனை.

கேள்வி: என் வீட்டுக்காரர் கடையிலேயே படுத்துக்கொள்கிறார். ராத்திரி ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிக்கொண்டு முதலாளி போய்விடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, தாயி. 2022 மார்ச் 23 விடியற்காலை, செகந்திராபாத் போயிகூடாவில் ஒரு பழைய சாமான் கிடங்கு எரிந்தது. மாடியில் படுத்திருந்தவர்கள் பீகாரிலிருந்து பிழைக்க வந்த 12 தொழிலாளர்கள். இறங்குகிற வழி எரிகிற கிடங்குக்குள்ளே. 11 பேர் மாண்டார்கள். ஜன்னல் வழியாகக் குதித்த ஒருவர் மட்டும் பிழைத்தார்.

திருட்டுக்குப் பயந்துதான் முதலாளி பூட்டுகிறார், புரிகிறது. பூட்டட்டும், ஆனால் உள்ளிருந்து. ஷட்டருக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் வைக்கப் பெரிய செலவில்லை. பின்பக்கம் கதவு இருந்தால் அதன் சாவி இருட்டிலும் கைக்கு எட்டுகிற ஆணியில் தொங்கட்டும். கதவு இல்லை, கிராதி ஜன்னல்தான் என்றால், வெல்டரிடம் சொல்லிக் கிராதியில் கீல் வைத்து உள்ளிருந்து திறக்கிற மாதிரி செய்யலாம். ஒரு நாள் வேலை. படுக்கை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அடுப்புக்கும் சரக்குக்கும் பின்னால் வேண்டவே வேண்டாம். புகை சூழ்ந்தால் எழுந்து நிற்காமல் தரையோடு தவழ்ந்து வரச் சொல்லுங்கள். 101-ஐயும் 112-ஐயும் சுவரில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

இன்றைக்கு ராத்திரி ஷட்டர் இறங்குமுன் முதலாளியிடம் பேசச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.