நிற்குமா, நிற்காதா?

தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் என்று ஒரு பேப்பர். கணினி படிக்கச் சேர்ந்தவனுக்கு அதில் கணினியே கிடையாது. முடிவில்லாத நாடா ஒன்று, அதன்மேல் கட்டம் கட்டமாக நகரும் தலை ஒன்று. 1936-இல் ஆலன் டூரிங் தாளிலேயே கட்டி முடித்த இயந்திரம். அதிலிருந்து கிளம்பிய பெரிய முடிவு: எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடும் பொதுவழி கிடையவே கிடையாது.

ஃபீஸ் கட்டிய அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "முடியாதுன்னு தெரிஞ்சுக்கவாடா இவ்வளவு பணம்?" என்றார்.

அதே பேப்பரில் வரும் பம்பிங் லெம்மா என்ற தேற்றத்தின் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. பரீட்சையில் அதுதான் 13 மார்க்குக்கு வந்தது. நாடா வெறுமையாகவே நின்றது.

என் அரியர் மட்டும் டூரிங்கைப் பொருட்படுத்தாமல் மூன்றாவது தடவையில் நின்றுவிட்டது.