நாம்பனுக்கும் ஒரு படிவம்

கமத்தொழில், கால்நடை, காணி, நீர்ப்பாசன அமைச்சுக்கு,

கல்முனைக் கரையோரத்திலிருந்து எழுதுவது.

பொருள்: பால் தராத மாடுகள்.

2024 நவம்பரில் கமமும் மாடும் காணியும் தண்ணீரும் ஒரே பெயர்ப்பலகைக்குள் வந்து சேர்ந்தபோது இந்தப் பக்கத்துப் பட்டிக்காரர்களுக்கு ஒரு நப்பாசை பிறந்திருந்தால் அதற்குப் பொறுப்பு நீங்கள்தான். மேய்ச்சல் தரை எங்கே என்று கேட்டால் இனிக் கால்நடைக்காரர் காணிக்காரரைக் கைகாட்ட முடியாது; காட்டினாலும் அந்தக் கை உங்கள் மடியில்தான் வந்து விழும். அந்தத் துணிச்சலில்தான், இறைச்சிக்காக மாடு வளர்க்கும் சிறு பட்டிக்காரருக்கும் அரச மானியம் வேண்டும் என்று கேட்கிறேன். 'இறைச்சி' என்ற சொல்லைக் கண்டதும் கோப்பை மூடிவிடாதீர்கள். இன்னும் சில பந்திகள் உள்ளன.

உங்கள் கோப்புகளில் மாடு என்றால் பசு, பசு என்றால் பால். கறவைப் பசு, தொழுவம், தீவனப் புல், செயற்கைச் சினைப்படுத்தல் என்று ஆட்சிகள் எத்தனை மாறினாலும் உதவித்திட்டங்கள் பெரும்பாலும் இந்த வேலிக்குள்ளேயே மேய்ந்து வந்திருக்கின்றன. பால்மாவுக்குப் போகும் டொலரை நினைத்தால் அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் பசு கன்று போட்டால்தான் மடியில் பால் சுரக்கும். போடுகிற கன்றுகளில் ஏறக்குறைய பாதி நாம்பன். எந்த அமைச்சரவைப் பத்திரமும் இதுவரை இந்தக் கணக்கைத் திருத்தவில்லை. நாகு மட்டும் பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்து உலகில் இருக்கிறது என்று உங்கள் நிபுணர்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் வட்டைக்கும் காட்டுக்கும் நடுவே அலையும் பட்டியில் சினைப்படுத்துவது பொலிகாளை. அது சுற்றறிக்கை வாசிப்பதில்லை. ஒரு காலத்தில் அந்த நாம்பன் உழுதது, வண்டி இழுத்தது, களத்தில் சூடு மிதித்தது. லேண்ட்மாஸ்டர் வந்து உழவைப் பறித்தது, வெட்டுமெசின் வந்து களத்தைப் பறித்தது. வேலை முடிந்த அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. வேலை போன நாம்பனுக்கு மடுவம்தான் உண்டு. அதை விற்ற காசில்தான் பட்டிக்காரர் தாய்ப்பசுவுக்கு மருந்து வாங்குகிறார், மேய்ப்பவருக்குக் கூலி கொடுக்கிறார். ஆக, நீங்கள் பெருமையோடு வழங்கும் பால் மானியத்தின் மறுபாதியை இவ்வளவு காலமும் சத்தமில்லாமல் கட்டி வருபவர் இறைச்சிக் கடைக்காரர். அவருக்கு ஒரு நன்றிக் கடிதமாவது போயிருக்கலாம்.

கடிதத்துக்குப் பதிலாகத் தடை வந்தது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. 2021 ஒக்டோபரில் 1893ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டத்தையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தையும் அதற்கேற்பத் திருத்தவும் அங்கீகாரம் கொடுத்தது. மாட்டிறைச்சி உண்போரையும் அந்த யோசனை கைவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம் என்றது. அகிம்சையை மதிக்கிறேன். உயிர்க்கொலை கூடாது என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால் அவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கல்முனையில் அறுத்தால் பாவம், கடலுக்கு அப்பால் அறுத்து உறையவைத்துக் கப்பலில் ஏற்றினால் பாவமில்லை என்பது எந்தப் பிடகத்தில் உள்ள கணக்கு? இது கொலையை நிறுத்துவதல்ல, அதைக் குத்தகைக்குக் கொடுப்பது. 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தபோது பால்மாப் பைக்கற்றுக்கே வரிசையில் நின்றோம். அந்த வரிசைக்குப் பக்கத்தில் இறக்குமதி மாட்டிறைச்சிக்கும் ஒரு வரிசை இருந்திருக்க வேண்டும். தடை கடதாசியிலேயே தங்கியதால் தப்பினோம்.

இனிக் காணி. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. விதைப்பு எப்போது, வாய்க்காலில் தண்ணீர் எப்போது, வட்டையை விட்டு மாடுகள் எப்போது வெளியேற வேண்டும் என்றெல்லாம் திகதி குறிக்கப்படுகிறது. வெளியேறுவதற்குத் திகதி உண்டு. போய்ச்சேருவதற்கு இடம் இல்லை. காட்டுக்குப் போனால் வன இலாகா, மேட்டுக்குப் போனால் புதிய பயிர்க்காணி, வீதிக்கு வந்தால் கட்டாக்காலி என்று தண்டம். வேளாண்மைக்காரரும் பட்டிக்காரரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளும்படி இதைவிடச் சிக்கனமாக ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடியாது. பக்கத்து மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் வீதியில் உட்கார்ந்தார்கள். 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் ஓரிரு நாட்களில் விறைத்துச் செத்தன. குளிர்தான் காரணம் என்று அறிவிக்கப்பட்டது. ஒதுங்கக் கொட்டிலும் வயிறு நிறையப் புல்லும் இருந்த மாட்டுக்கு அந்தக் குளிர் எவ்வளவு பொல்லாததாக இருந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். கத்தி படாமல் செத்ததால் அவை எவருடைய கொள்கைக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

இது முஸ்லிம்களின் வயிற்றுக்கு அரச பணம் கேட்பது என்று ஒரு முணுமுணுப்பு எழும். மயிலத்தமடுவில் உட்கார்ந்தவர்கள் தமிழர்கள். வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காதவர்கள் அவர்களில் நிறையப்பேர் இருப்பார்கள். ஆனாலும் நாம்பனை விற்றாக வேண்டும். வளர்ப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர், தின்பவர் மூன்றாமவர் என்று மூன்று சமூகங்களும் ஒரே கயிற்றைப் பிடித்திருக்கும் தொழில் இது. மானியம் கொடுத்தால் மாட்டுக் களவு பெருகும் என்பது அடுத்த பயம். களவு ஏற்கெனவே செழிப்பாகத்தான் இருக்கிறது. உரிமைப் பத்திரத்துக்கு ஒரு கதவு, மிருக வைத்தியரின் சான்றுக்கு ஒரு கதவு, கொண்டுசெல்லும் அனுமதிக்கு இன்னொரு கதவு என்று நேர்மையானவர் அலைய, கள்ளன் இரவில் ஒரே வானில் வேலையை முடித்துவிடுகிறான். பிறந்த கன்றுக்குக் காதுப்பட்டி போட்டால்தான் பணம் என்று ஒரு விதி வந்தால், பட்டிக்காரரே கன்றைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவார்.

இப்படி ஒரு விதி உலகில் புதிதல்ல. ஸ்கொட்லாந்தில் இறைச்சி இனக் கன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கிறது. தீவுகளில் பிறந்த கன்றுக்குத் தொகை கூட. நாமும் தீவில்தான் இருக்கிறோம் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். பணமில்லை என்று சொல்வதற்கு முன், 20,000 கறவைப் பசுக்களுக்கு அவுஸ்திரேலியக் கம்பனியோடு ஒப்பந்தம் போட்டு, 2017இல் 5,000 வந்திறங்கிய கதையை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பசுக்கள் நோயில் விழுந்தன, வாங்கிய பண்ணையாளர் பலர் கடனில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பட்டிமாடு குள்ளம், எலும்பும் தோலும், பார்க்க அழகில்லை. ஆனால் இந்த வெயிலையும் உண்ணியையும் தாங்க அதற்குக் கப்பலில் வந்த ஆலோசகர் தேவைப்படவில்லை. அதற்கு வேண்டியது வர்த்தமானியில் எல்லை குறித்த மேய்ச்சல் தரை, பெரும்போகத்து மழைக்கு ஒரு கொட்டில், நாம்பனை இரண்டு வயதுவரை வைத்திருக்கத் தலைக்கு ஒரு தொகை. ஹஜ்ஜுப் பெருநாள் வரை காத்திருந்து நல்ல விலைக்கு விற்க அது உதவும். அவசரக் காசுக்காகக் கன்றிலேயே தள்ளிவிட வேண்டியிருக்காது.

ஆகவே அடுத்த விண்ணப்பப் படிவத்தை அச்சடிக்கும்போது, நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் பால் என்ற கேள்விக்குப் பக்கத்தில், 'ஏற்புடையதல்ல' என்று எழுத ஒரு சிறிய இடம் விடுங்கள். விண்ணப்பதாரரின் கையொப்பம் பற்றிக் கவலை வேண்டாம். குடிக்குக் குடி மாட்டில் சுட ஒரு குறி வைத்திருந்த பிரதேசம் இது. நாம்பன் தன் தொடையில் சுட்ட குறியோடு நேரில் வரும்.

இங்ஙனம்,
பால் தராத ஒரு பிரஜை