பெஞ்சில் இடம் இருக்கிறது

ராமநாதபுரம் ஜில்லாவை 1985-ல் மூன்றாகப் பிரித்தபோது கலெக்டர் விருதுநகருக்குப் போனார். ஜில்லா கோர்ட் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில். பிளவக்கல் பக்கத்து ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? அணையில் தண்ணீர் இருந்தால் வயல், இல்லாவிட்டால் கோர்ட்.

என் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வழக்கும் கிடையாது. ஆனால் கொலைக் கேஸ் என்றால் தூக்குவாளியில் புளிச்சோற்றோடு கிளம்பிவிடுவார். வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் வழியாகப் பஸ். பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும்.

‘பராசக்தி’ பார்த்திருந்த நான், கூண்டில் நிற்பவர் வசனம் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’ தாண்டவில்லை. வக்கீல் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஜட்ஜிடம் இங்கிலீஷில் முணுமுணுத்தார். தெளிவாகக் கேட்டது டைப் அடிக்கும் சத்தமும், டவாலி பெயரை மூன்று தரம் கூவியதும்தான். மாமாவுக்கு மட்டும் என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் திரும்பும்போது, கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: “சாட்சி பல்டி அடிச்சிட்டான் மாப்ளே. கேஸ் நிக்காது.” நின்றுவிட்டால் தப்பு ஜட்ஜுடையது.

இப்போது அந்த அலைச்சல் இல்லை. 2018 ஏப்ரலில் மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாக அருப்புக்கோட்டைப் பேராசிரியை நிர்மலாதேவி கைதானபோது, செல்போனில் அந்தப் பேச்சின் ஆடியோ கேட்ட எங்கள் தெரு அன்று ராத்திரியே தீர்ப்பு எழுதிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட்டுக்குத்தான் ஆறு வருஷம் பிடித்தது. 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டு சிறை. கூடக் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை. தெரு தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. மாமாவாவது சாட்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தப்பாகச் சொன்னார்.

விசாரணை நடக்கும் இடம் திறந்த கோர்ட், இடம் கொள்ளும் மட்டும் யாரும் வரலாம் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அது புதுச் சட்டத்தில் 366. (பாலியல் வன்கொடுமை வழக்கு என்றால் கதவைச் சாத்துவார்கள், அது நியாயம்.)

அந்த 366-ஐ நம்பி, போன மாதம் ஒரு கோர்ட்டுக்குப் போனேன்.

“யார் கேஸுங்கய்யா? சாட்சியா?” என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

“இல்லை, சும்மா பார்க்க.”

ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழி விட்டார். உள்ளே பெஞ்சில் நான் ஒருத்தன்தான். பதினொன்றரைக்கு வாய்தா போட்டார்கள். கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாய்தா பதினான்காம் தேதி. இடம் நிறைய இருக்கிறது, வாருங்கள்.