உதவியும் அபகாரமும்

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியைப் பார்த்து வந்த நாள்முதல், காது கேளாத என் அண்ணன் மகன் லேப் டெக்னீஷியன் படிப்பேன் என்கிறான். முடியுமா? (விழுப்புரம் வாசகர்)

மைக்ராஸ்கோப்பில் தெரியும் மலேரியாக் கிருமி என்றைக்காவது வாய் திறந்து பேசியதுண்டா? தாராளமாகச் சேருங்கள்.

கூடவே ஓர் உதவியாளரை வைத்துப் படித்தால், தேறியவர் மாணவரா, உதவியாளரா? (திண்டிவனம் வாசகர்)

டாக்டரின் கையில் கத்தியை எடுத்து வைத்த நர்ஸ்தான் ஆபரேஷன் செய்தார் என்று யாரேனும் சொல்வதுண்டா? ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லும் பாடத்தைச் சைகை மொழியில் மாணவன் முன் வைப்பதும், நடக்க இயலாத மாணவனுக்குக் கட்டில்களுக்கிடையே சக்கர நாற்காலி நுழைய வழி செய்வதும் உதவியாளரின் கடமை. இரத்தம் எடுக்க வேண்டிய இரத்தக் குழாயைக் கண்டுபிடிப்பது மாணவனின் கடமையாதலால், அதையும் உதவியாளரே செய்துவிடுவாரேயானால் அது உபகாரமன்று, அபகாரம். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு சேதமுற்று நடக்கும் சக்தியை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, 1972-இல் பத்மஸ்ரீ விருது பெறும் அளவுக்கு உயர்ந்தது, தாங்கள் பஸ் ஏறி ஒரே பகலில் போய்த் திரும்பிவிடக்கூடிய வேலூரிலேதான். நாற்காலியைத் தள்ளியவர் யாராயினும், கத்தியைப் பிடித்தவர் அவரே.

சட்டம் ஏதாவது தருகிறதா? (அதே வாசகர்)

ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுடையோருக்கு 5 சதவீத இடங்கள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே உதவியாளர் வேண்டுமென்றும் எழுத்துமூலம் கேளுங்கள்.