குப்பைக்கு உரியவர் தேவை

மருதமடு மாதா கோயில் சுற்றாடலின் குப்பைக்குப் பொறுப்பான கனம் அதிகாரி அவர்களுக்கு,

ஐயாவா, அம்மாவா, எந்தக் கந்தோர் என்று தெரியாமல் இப்படிப் பொதுவாக விளிப்பதற்கு மன்னிக்கவும். விசாரிக்காமல் எழுதவில்லை. தேத்தண்ணிக் கடையில் கேட்டபோது சட்டம் தெரிந்த ஒருவர் விளங்கப்படுத்தினார். கோயில் வளவுக்குள் விழுந்தால் கோயில். வீதியில் விழுந்தால் பிரதேச சபை. காட்டோரம் போனால் வனவளம். இன்னும் உள்ளே போனால் வனசீவராசிகள். சோளகக் காற்றில் ஒரு சொப்பின் பை பத்து நிமிடத்தில் நாலு அதிகாரத்தையும் கடந்துவிடும். நாங்கள் ஒரு காணி உறுதிக்கு அந்தத் தூரம் போக வருடம் எடுக்கும்.

சபைகளை நான் குறை சொல்லவில்லை. 2023 மார்ச்சில் நாட்டின் சபைகளுடைய காலம் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் வரும்வரை தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அந்த இரண்டு வருடமும் குப்பை மட்டும் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

ஆவணித் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. நீர்கொழும்பும் சிலாபமும் யாழ்ப்பாணமும் ஒரே மரத்துக்குக் கீழே கூடாரம் அடிக்கும். மாட்டுவண்டிலில் வந்த காலத்தில் அவர்கள் விட்டுப்போனது வாழையிலை, சாம்பல், சாணம். காடு அதைச் செமித்துக்கொண்டது. இப்போது திருவிழா முடிந்த 16ஆம் திகதி காலையில் ஒரு பாலை மரத்தடியைப் பாருங்கள். கரிபிடித்த மூன்று அடுப்புக்கல். ஒன்றுக்குள் ஒன்று செருகிய யோகட் கப்புகள். பருப்பு காய்ந்து ஒட்டிய லஞ்ச் சீட், அதைச் சுற்றி எறும்பு. யாரும் மிதித்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் மரக்கவட்டில் சுருட்டிச் செருகிய பிள்ளையின் பம்பஸ். கச்சான் கோது பாவம், அது மண்ணாகிவிடும். கச்சான் சுற்றிவந்த பைதான் நம் பேரப்பிள்ளைகளையும் பார்க்கப்போகிறது.

இத்தனைக்கும் நாட்டில் தடைக்குக் குறைவில்லை. றெஜிபோம் பெட்டி 2017 இல் தடை. லஞ்ச் சீட்டுக்கும் தடை. 2023 ஐப்பசியில் பிளாஸ்டிக் கப், கரண்டி, இடியப்பத் தட்டு, பூமாலை எல்லாம் தடை. இதில் மாலைத் தடை மட்டும்தான் அரசியல்வாதிகளின் கழுத்துவரை எட்டிய சட்டம் என்று நினைக்கிறேன்.

உங்கள் தொழிலாளர்களைப் பற்றி ஒரு முறைப்பாடு உண்டு. அளவுக்கு மிஞ்சி நன்றாக வேலை செய்கிறார்கள். சனம் பூசைக்கு எழும்ப முன்னரே, ஒரு கைக்கு மட்டும் கிடைத்த கையுறையோடு கூட்டி அள்ளி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சனம் என்ன நினைக்கிறது? போட்ட குப்பை விடியமுன் தானாக மறைந்தது, இதுவும் மடு மாதாவின் புதுமை! ஒரே ஒரு திருவிழாவில் அவர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். புதுமை எங்கே நடக்கிறது என்று மூக்கே சொல்லும்.

மற்றது, மடு மண். பாம்புக்கடிக்கும் நோய்நொடிக்கும் மருந்தென்று நம்பி, ஆளுக்கொரு பையில் கட்டிக் கனடாவரை கொண்டுபோகிறார்கள். ஊரின் மண்ணை எடுத்துக்கொண்டு ஊருக்குப் பிளாஸ்டிக் விட்டுப்போகும் இந்தப் பண்டமாற்றில் நமக்கு நட்டம். ஆகவே கூடாரம் அடிக்க அனுமதி கொடுக்கும்போதே ஒரு தொகையைப் பிணைப்பணமாக வாங்குங்கள். போகும்போது நிறைந்த குப்பைப் பையைக் காட்டினால் காசு திரும்பும். காட்டாவிட்டால் அந்தக் காசில் மற்றக் கைக்கும் கையுறை வாங்கலாம்.

முடியாதென்று சொல்லாதீர்கள். 2015 தை 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஹெலிகொப்டரில் இங்கே வந்திறங்கினார். பெரியவர்கள் வரும் நாளில் எந்தக் குப்பை எவருடையது என்று நம் நாட்டில் எவரும் விவாதிப்பதில்லை. அதே வருடம்தான் மடுவீதிச் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. பாப்பரசர் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார். பூங்காவின் யானைகள் நிரந்தர வதிவாளர்கள், வாக்குரிமைதான் இல்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் பொலித்தீன் தின்று செத்ததாக 2022 இல் செய்தி வந்தது. வயிற்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே உணவு உறைகள். நம்முடைய யானைக்கும் லஞ்ச் சீட்டில் பருப்பு மணக்கும்தானே.

பதில் எழுதினால், உறையின் வெளியே எந்தத் திணைக்களம் என்று தெளிவாகப் போடுங்கள். அதை அறியத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இங்ஙனம்,
மடுவீதியில் வசிக்கும் ஒரு வரியிறுப்பாளன்