பெட்ரோல், பீர், தூண்டில், செல்போன்: நடுநடுவே ஹாக்கி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 1980இல் நம்ம பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய ஹாக்கி அல்ல. அடியில் கத்தி வைத்த பூட்ஸோடு பனித்தரையில் வழுக்கிக்கொண்டு, பந்துக்குப் பதில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டை விரட்டி, கோபம் வந்தால் கையுறையை உதறிவிட்டுக் கும்மாங்குத்து குத்திக்கொள்வார்களே, அந்தக் கனடா ஹாக்கி. அந்த நாட்டில் சனிக்கிழமை ராத்திரி என்றால் ஹாக்கி. அந்த ராத்திரி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் நூறு வருஷமாக அடிதடி.

கதை 1923இல் வானொலியில் ஆரம்பிக்கிறது. டொரண்டோ ஸ்டார் பத்திரிகை சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்திருந்தது. பிப்ரவரி 8 அன்று, அதன் நிருபர் நார்மன் ஆல்பர்ட் ஓர் ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மைக்கில் வர்ணித்தார். சில நாள் கழித்து ஃபாஸ்டர் ஹெவிட் என்ற இளைஞர், காற்றுப் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, தன் மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி மங்கிப்போக, அதே வேலையைச் செய்தார். ஹெவிட்டின் அப்பா அதே பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். ஊர் நினைவில் 'முதல் வர்ணனையாளர்' பட்டம் யாருக்குப் போயிருக்கும்? ஆல்பர்ட் பாவம், முந்திக்கொண்டதோடு சரி.

ஆக, முதல் ஹாக்கி ஒலிபரப்பு பத்திரிகை விற்க நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஹாக்கி உரிமையை வாங்கிய ஒருவராவது ஹாக்கியை விற்க வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தவர் ஜாக் மக்லாரன் என்ற விளம்பரக்காரர். 1929இல் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் முதலாளி கான் ஸ்மைத்தோடு கோல்ஃப் ஆடிக்கொண்டே வானொலி உரிமையைக் கைகுலுக்கி வாங்கிவிட்டார் என்பார்கள். ஸ்மைத் கட்டப்போகும் புது அரங்கத்துக்கு அப்போது கடைக்கால்கூடத் தோண்டவில்லை. 1931இல் அரங்கம் திறந்ததும் ஜெனரல் மோட்டார்ஸ் கார் விற்க ஹாக்கியைப் பிடித்துக்கொண்டது. சில வருஷத்தில் அதற்கு அலுத்துவிட, இம்பீரியல் ஆயில் வந்தது, பெட்ரோல் விற்க.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இன்றும் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் சிறப்பாக ஆடிய மூவரை முதல் நட்சத்திரம், இரண்டாம் நட்சத்திரம், மூன்றாம் நட்சத்திரம் என்று அறிவிப்பார்கள். பெயர் சொன்னதும் வீரர் பனித்தரையில் வந்து மட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அரங்கமே எழுந்து நிற்கும். பரம்பரை பரம்பரையாக வந்த வீரமரபு என்று மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. இம்பீரியல் ஆயிலிடம் 'த்ரீ ஸ்டார்' என்று ஒரு பெட்ரோல் இருந்தது. சிலிர்ப்பின் பூர்வீகம் அந்தப் பங்க்தான்.

1952இல் தொலைக்காட்சி வந்தபோது ஸ்மைத்துக்கு ஒரே கவலை: வீட்டிலேயே படம் தெரிந்தால் எவன் டிக்கெட் வாங்குவான்? அதனால் ஆட்டம் பாதி நடந்த பிறகே அரசு நிறுவனமான சிபிசியில் ஒளிபரப்பு ஆரம்பிக்கும். முதல் கோல் எப்படி விழுந்தது என்று கனடா நாடு பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. 1968 வரை, முழு ஆட்டத்தையும் காட்டினால் குடி முழுகிவிடும் என்று முதலாளிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அரங்கத்தில் டிக்கெட் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

குடி என்றதும் பீர். மாண்ட்ரியல் அணி மோல்சன் பீர்க் குடும்பத்திடம் இருந்தது. க்யூபெக் நார்டிக்ஸ் அணி எதிரிக் கம்பெனியான கார்லிங் ஓகீஃபிடம். சிபிசியின் சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் படியளந்தது மோல்சன். பொறுக்குமா? 1984இல் கார்லிங் ஓகீஃப் பணத்தோடு சிடிவி என்ற தனியார் தொலைக்காட்சி வெள்ளிக்கிழமை ஹாக்கியை ஆரம்பித்தது. மோல்சன் செல்வாக்கிலிருந்த அரங்கங்களுக்குள் போட்டி பீரின் கேமரா நுழையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கனடாவில் ஹாக்கி காட்டக் கிளம்பிய சேனலுக்கு நாட்டின் பெரிய அணிகளின் சொந்த மைதானங்களே கிடைக்கவில்லை. இரண்டு சீசனில் கடையைக் கட்டினார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடத் தமாஷ். 1988 ஆகஸ்டில் ஹாக்கியின் மகா நட்சத்திரம் வெய்ன் க்ரெட்ஸ்கி எட்மன்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்கப்பட்டார். ஹாலிவுட் ஊரில் ஹாக்கி வீரர்! அமெரிக்கா முழுக்க இந்த விளையாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அந்தச் சீசனிலிருந்துதான் என்ஹெச்எல் என்னும் தேசிய ஹாக்கி லீக், ஈஎஸ்பிஎன்னை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ்சேனல் அமெரிக்கா என்ற கேபிள் சேனலுக்குப் போனது. மூன்று வருஷத்துக்கு 5.1 கோடி டாலர். பணம் அருமையாக வந்தது. சேனல்தான் பெரும்பாலான வீடுகளில் வரவில்லை. க்ரெட்ஸ்கி தன் திறமையின் உச்சத்தில், யாருக்கும் தெரியாமல், பத்திரமாக விளையாடிக்கொண்டிருந்தார்.

பட்டுத் திருந்தினார்களா என்றால், 2005ஐப் பாருங்கள். சம்பளத் தகராறில் முதலாளிகள் கதவைப் பூட்டி ஒரு முழுச் சீசனே ரத்தானது. திரும்பி வந்தபோது ஈஎஸ்பிஎன், 6 கோடி டாலர் கொடுத்து உரிமையை நீட்டிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது. என்ஹெச்எல் போய்ச் சேர்ந்த இடம் அவுட்டோர் லைஃப் நெட்வொர்க். வேட்டை, மீன்பிடிப்பு, காளைமேல் சவாரி, வருஷத்துக்கு ஒருமுறை பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஆகியவற்றுக்கான சேனல். அதுவரை தூண்டிலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்த நேயர்கள் முன்னால், பற்கள் போன முரடர்கள் வந்து மோதினார்கள். இரு தரப்பு ரசிகர்களும் சமமாக அதிர்ந்தார்கள். மறுவருஷம் சேனலின் பெயரை வெர்சஸ் என்று மாற்றினார்கள். சேனல் எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாடு மாறவில்லை. 2009 ஆகஸ்ட் கடைசியில், கட்டணத் தகராறில் டைரக்டிவி என்ற பெரிய டிஷ் கம்பெனி வெர்சஸைத் தூக்கிவிட, அதன் சந்தாதாரர்களுக்கு அடுத்த மார்ச் வரை கறுப்புத் திரைதான்.

பெரிய ஆட்டங்களுக்கு என்பிசி இருந்தது. என்பிசியின் ஒப்பந்தம் விசேஷமானது: உரிமைக்கு முன்பணம் ஒரு சல்லி கிடையாது, விளம்பர லாபம் வந்தால் பங்கு. காசு கொடுக்காமல் வாங்கிய பொருளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது 2007 மே 19 அன்று தெரிந்தது. ஒட்டாவா, பஃபலோ அணிகள் மோதிய தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஒட்டாவா ஜெயித்தால் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி. தோற்றால் தொடர் நீளும். 2-2 என்று சமன். கூடுதல் நேரம், அதில் முதல் கோல் அடிப்பவர் வெற்றி. நாற்காலி நுனியில் அமெரிக்கா. என்பிசி, பஃபலோ பக்கத்தைத் தவிர நாடு முழுக்க ஆட்டத்தை வெட்டிவிட்டு ப்ரீக்னஸ் குதிரைப் பந்தயத்துக்குத் தாவியது. பந்தயம்கூட இல்லை. பந்தயத்துக்கு முந்தைய அரட்டை. குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. ஹாக்கி வேண்டியவர்கள் வெர்சஸைத் தேடிப் போகலாம் என்று அறிவிப்பு. அவர்கள் ரிமோட்டோடு மல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில் டேனியல் ஆல்ஃப்ரட்சன் கோல் அடித்து முடித்துவிட்டார்.

கனடாவுக்குத் திரும்புவோம். அங்கே ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் உரிமை உண்டு. சனிக்கிழமை ஹாக்கியின் முகப்பு இசை 1968இல் டொலோரஸ் க்ளேமன் என்ற பெண்மணி எழுதியது. அவர் அதுவரை ஹாக்கி ஆட்டமே பார்த்ததில்லையாம். ரோமானிய மல்லர்கள் ஸ்கேட்டிங் போவதாகக் கற்பனை செய்து மெட்டுப் போட்டார். நாடே அதை இரண்டாவது தேசிய கீதம் என்றது. 2008இல் உரிமைப் பேச்சில் சிபிசி இழுபறி செய்ய, சிடிவி நோகாமல் மெட்டை வாங்கித் தன் விளையாட்டுச் சேனலான டிஎஸ்என்னில் போட்டது. சிபிசி ஒரு லட்சம் டாலர் பரிசு அறிவித்து நாட்டு மக்களிடமே புது மெட்டு கேட்டது. 14 ஆயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த ஒருவரின் மெட்டு ஜெயித்தது. அது எப்படிப் போகும் என்று கனடாக்காரர் எவரையாவது பாடச் சொல்லிப் பாருங்கள், பழையதைத்தான் முணுமுணுப்பார்.

பாட்டை இழந்த சிபிசி ஆட்டத்தை இழந்தது 2013 நவம்பரில். கேபிளும் செல்போனும் விற்கும் ரோஜர்ஸ் கம்பெனி 12 வருஷத்துக்கு 523 கோடி கனடா டாலர் கொடுத்து நாடு முழுவதற்குமான உரிமையை மொத்தமாக வளைத்தது. இதற்குள் பரம எதிரியான பெல் கம்பெனியின் கைக்கு வந்திருந்த டிஎஸ்என் வெளியே. கையில் பாட்டும் உள்ளூர் அணிகளின் சில ஆட்டங்களும் மட்டும். சிபிசிக்குக் கிடைத்த ஏற்பாடுதான் உலக அதிசயம். சனிக்கிழமை ஆட்டம் சிபிசியிலேயே, பழைய பெயரிலேயே வரும். ஆனால் விளம்பர வருமானம் முழுக்க ரோஜர்ஸுக்கு, நிகழ்ச்சியின் கடிவாளமும் ரோஜர்ஸ் கையில். வீட்டை வாங்கியவர் கூடத்தில் குடியேறிவிட்டு, வாசலில் பழைய சொந்தக்காரர் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்த மாதிரி. அடுத்த ஏப்ரலில் சிபிசி 657 வேலைகளை வெட்டியது; சொன்ன காரணங்களில் ஹாக்கி போனதும் ஒன்று. இதில் சிரிக்க எதுவும் இல்லை.

ரசிகருக்கு? சனிக்கிழமை ஒரு சேனலைப் போட்டுவிட்டுச் சாய்ந்திருந்தவர், தன் அணி இன்றைக்கு சிபிசியா, ரோஜர்ஸின் சிட்டியா, ஸ்போர்ட்ஸ்நெட்டின் எத்தனையாவது கிளையா என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதாயிற்று. டொரண்டோவில் இருந்துகொண்டு எட்மன்டன் அணியை நேசிப்பவர் பாடு இன்னும் மோசம்: வட்டார உரிமை என்று ஒன்று தனியாக இருப்பதால், அந்த ஆட்டங்கள் அவர் ஊரில் இருட்டடிப்பு. நேசத்துக்குக்கூட எல்லை வரைந்திருந்தார்கள். நல்லது ஒன்றும் நடந்தது. சிபிசி 2008இல் தொடங்கிய பஞ்சாபி வர்ணனை, ரோஜர்ஸின் ஆம்னி சேனலுக்குப் போய் வாரந்தோறும் அமர்க்களப்பட்டது. 2016இல் பிட்ஸ்பர்க் வீரர் நிக் போனினோ அடித்த கோலுக்கு அவர் பெயரை வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் மூச்சு விடாமல் கூவியதை, பஞ்சாபி தெரியாத பிட்ஸ்பர்க்கும் கொண்டாடியது.

அதே 2016 வசந்தத்தில் ரோஜர்ஸுக்கு ஜாதகம் புரண்டது. ஏழு கனடா அணிகளில் ஒன்றுகூட ப்ளேஆஃபுக்குத் தகுதி பெறவில்லை. 1970க்குப் பிறகு முதல்முறை. கனடா அணிகள் வெளியே நிற்க, 523 கோடி கொடுத்தவர்கள் பிட்ஸ்பர்க்கும் சான் ஹோசேயும் ஆடிய இறுதிப் போட்டியைக் கனடாவுக்குப் பக்தியோடு ஒளிபரப்பினார்கள். இளைஞர்களைப் பிடிக்கவென்று நியமித்த புதுத் தொகுப்பாளரை அனுப்பிவிட்டு, இரண்டு வருஷம் முன்பு ஓரங்கட்டிய பழைய தொகுப்பாளர் ரான் மக்லீனையே அந்தக் கோடையில் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு 2025 ஏப்ரலில் ரோஜர்ஸ் என்ன செய்தது? இன்னொரு 12 வருஷத்துக்கு, 2037-38 சீசன் வரை, 1,100 கோடி கனடா டாலருக்குக் கையெழுத்துப் போட்டது. திங்கட்கிழமை ஆட்டங்கள் ஏற்கெனவே அமேசானுக்கு உள்குத்தகை போயிருந்தன. செருப்பிலிருந்து செவ்வந்தி விதைவரை விற்பவர்களுக்கு ஹாக்கி மட்டும் கசக்குமா? கையெழுத்தாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1993க்குப் பிறகு கோப்பையே காணாத கனடாவின் சார்பில் எட்மன்டன் இறுதிப் போட்டிக்குப் போய், தொடர்ந்து இரண்டாவது வருஷமாக ஃப்ளோரிடாவிடம் தோற்றது. கோப்பை தென்னை மரமும் கடற்கரையும் உள்ள ஊருக்கே போனது. ஆறு ஆட்டமும் ரோஜர்ஸில் வந்தன. இடைவேளையில் செல்போன் விளம்பரமும் தவறாமல் வந்தது.