அமெரிக்க ஓட்டுநர் உரிம எழுத்ததிகாரம்: ஒரு முன்னாய்வு

தமிழில் இலக்கணம் எழுதப் புகுந்தவர்கள் முதலில் எழுத்தில்தான் கைவைத்தார்கள். சொல்லும் பொருளும் அப்புறம். அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறைகளும் இதே முறையைக் கைக்கொண்டன. ஆளை நிறுத்தி, அவர் ஓட்டப்போகும் வண்டியைக் கேட்டு, அட்டையில் ஓர் எழுத்தைப் பொறித்துக் கையில் கொடுத்தார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். அங்கே மாநிலங்கள் ஐம்பது. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டது. உரையாசிரியர் ஒருவர்கூடத் தோன்றவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதற்கண் சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரம், ஐந்து இருக்கை, பின்னால் குழந்தை இருக்கை, தரையில் பிஸ்கட் தூள். இதை ஓட்டுவதற்கான உரிமம் கலிபோர்னியாவில் சி. நியூயார்க்கில் டி. புளோரிடாவில் இ. மிசௌரியில் எஃப். நெப்ராஸ்காவில் ஓ. கொலராடோவில் ஆர். எழுத்தே ஆகாது என்று கருதிய ரோட் ஐலண்டில் 10. ஹவாயில் 3. வண்டியும் அதேதான், ஆளும் அதேதான், பிஸ்கட் தூளும் அதேதான்.

இவற்றை இடுகுறி, காரணம் என இரு கூறாகப் பகுக்கலாம். ஓட்டுபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து நெப்ராஸ்காவின் ஓ. வழக்கமான உரிமம் என்பதன் முதலெழுத்து கொலராடோவின் ஆர். இவை காரணப்பெயர். சி, டி, இ, எஃப் நான்கும் இடுகுறி. மேலேயிருந்து பெரிய வண்டிகளுக்கு எழுத்துகளை வழங்கிக்கொண்டே வந்து, மிச்சம் எது நின்றதோ அதைக் காருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு எது கிடைக்குமோ அதுதான் காருக்கும் கிடைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு எம் என்பதில் மட்டும் பெரும்பாலான மாநிலங்கள் ஒத்துப்போகின்றன. அந்த ஒற்றுமை எப்படி வந்தது என்று தோண்டாமல் விடுவதே ஆய்வாளருக்கு நல்லது.

சொந்தக் காரியமாகப் போகிறவரை இந்தக் குழப்பம் ஒன்றும் செய்யாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்ற மாநிலங்கள் ஏற்றுக்கொள்கின்றன. வேலைக்காக ஓட்டுகிறவருக்குத்தான் சிக்கல் தொடங்குகிறது. புளோரிடாவில் இ வைத்திருப்பவர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறவர். மிசௌரியில் இ வைத்திருப்பவர் கூலிக்கு ஓட்டுகிறவர். நியூயார்க்கின் டி எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. லூயிசியானாவின் டி சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவருடையது, அங்கே சொந்தக் காருக்கு இ. சி என்னும் எழுத்தின் நிலை இன்னும் பரிதாபம். கலிபோர்னியாவில் அது கார். நியூயார்க்கில் 18,000 பவுண்டுக்கு மேல் 26,000 பவுண்டு வரையிலான நடுத்தர லாரி. இல்லினாயில் அதே நடுத்தர லாரி 16,000 பவுண்டைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. கூட்டாட்சி அரசின் ஏட்டிலோ சி என்பது முற்றிலும் வேறு. அதற்குப் பின்னால் வருவோம். கலிபோர்னியாக்காரரின் சி-யை நியூயார்க் போலீஸ்காரர் தம் ஊர் அகராதியில் தேடக்கூடாது, பிறந்த மாநிலத்துப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்பது பொது வழக்கு. திசைச்சொல்லுக்கு நாம் காட்டும் மரியாதைதான் அது.

கூட்டாட்சி அரசு இதற்குள் தலையிட்ட ஆண்டு 1986. அதற்கு முன்பு பல மாநிலங்களில் கார் உரிமம் வைத்திருந்தவர் பதினெட்டுச் சக்கர டிரெய்லரையும் ஓட்டலாம். தனித் தேர்வு கிடையாது. சில டிரைவர்கள் மாநிலத்துக்கு ஒன்றாக உரிமம் வாங்கிவைத்து, அபராதங்களை அட்டைக்கு அட்டை பங்குபோட்டு, ஒன்றிலும் கறை அதிகம் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணக்கில் பற்று ஏறினால் இன்னொரு கணக்குப் புத்தகம் திறக்கும் இந்த வித்தை நம் ஊர்க் கடைவீதிக்கும் புதிதல்ல. அந்த ஆண்டு வந்த சட்டம், ஒருவருக்கு ஓர் உரிமம்தான் என்றது. 1992 ஏப்ரல் 1-க்குள் கனரக டிரைவர்கள் அனைவரும் வணிக ஓட்டுநர் உரிமத்துக்கு, அதாவது சிடிஎல்லுக்கு, மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. முட்டாள்கள் தினத்தைக் கெடுவாகத் தேர்ந்தவர் நகைச்சுவை அறிந்தவரா அறியாதவரா என்று விவாதிக்கலாம்.

சிடிஎல்லுக்கு எழுத்து மூன்று. இதை மட்டும் ஐம்பது மாநிலங்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன. பி என்பது தனிமொழி: 26,001 பவுண்டோ அதற்கு மேலோ எடைத் தகுதி கொண்ட ஒற்றை வண்டி. ஏ என்பது தொடர்மொழி: வண்டியும் டிரெய்லரும் புணர்ந்து அதே 26,001-ஐத் தொட வேண்டும், பின்னால் வருவது மட்டும் 10,000 பவுண்டைத் தாண்ட வேண்டும். அதற்குக் குறைந்த டிரெய்லரைப் பெரிய லாரி இழுத்தால் பி-யே போதும். வருமொழி சிறிதானால் புணர்ச்சி கணக்கில் வராது என்க. சி என்பது எடையில் இரண்டுக்கும் சேராதது, ஆனால் டிரைவரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ ஏற்ற வடிவமைத்தது, அல்லது எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டிய அபாயப் பொருளை ஏற்றியது.

அஃதென்ன 26,001 எனின், அந்தக் கடைசி ஒன்றில்தான் ஒரு தொழிலே நடக்கிறது. வீடு மாற்றுவோர் வாடகைக்கு எடுக்கும் லாரிகளில் பெரியது 26 அடி நீளம். அதன் எடைத் தகுதியைப் பார்த்தால் 26,000 என்றோ 25,999 என்றோ இருக்கும். அரிசி மூட்டை தூக்கிப் பழகாத கணினிப் பொறியாளரும் கார் உரிமத்தைக் காட்டி அதை ஓட்டிப் போகிறார். ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு, கூடியிருந்து, ஓட்டுவதும் வணிகத்துக்கு என்றால் அவருக்குத் தேர்வு, மருத்துவச் சான்று, புத்தகம் எல்லாம் உண்டு. வணிகம் அல்லாமல் சொந்த உல்லாசத்துக்கு என்றால் அந்த ஒரு பவுண்டும் கணக்கில்லை. பஸ் அளவுக்கு நீண்ட சமையலறை, படுக்கையறை வண்டியைப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகும் ஓய்வுபெற்ற பெரியவருக்குப் பல மாநிலங்களில் கார் உரிமமே போதும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் அவரிடம் வணிகமல்லாத பெரிய வகுப்பு உரிமம் கேட்கின்றன. கேட்பதே முறை என்பது என் கட்சி.

இனிச் சார்பெழுத்துகள். முதலெழுத்தோடு ஒட்டிவரும் கூடுதல் அனுமதிகள் இவை. டி (T) என்றால் இரட்டை, மூன்று டிரெய்லர். பி (P) என்றால் பயணியர். எஸ் பள்ளிப் பேருந்து. என் டேங்கர். எச் அபாயப் பொருள்; இதற்குப் பின்னணிச் சோதனையும் உண்டு. என்னும் எச்சும் கூடினால் எக்ஸ். பெட்ரோல் டேங்கர் ஓட்டுபவரிடம் இருப்பது இதுதான். அகரமும் இகரமும் கூடி ஐகாரம் ஆவதைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

வியப்பு அடுத்த வரியில் இருக்கிறது. அட்டையில் அனுமதிக்கு ஒரு வரி, தடைக்கு ஒரு வரி. தடைகளுக்கும் எழுத்து வேண்டுமே! ஆங்கிலத்தில் இருப்பவை 26. எனவே செலவானவற்றையே திரும்ப எடுத்தார்கள். அனுமதி வரியில் என் இருந்தால் டேங்கர் ஓட்டலாம். தடை வரியில் என் இருந்தால் ஏ, பி வகுப்புப் பயணியர் வண்டி ஓட்டக்கூடாது. பஸ் ஓட்டப் பழகுபவரின் பழகுநர் அட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். அனுமதி வரியில் பி: பயணியர் பஸ் ஓட்டலாம். தடை வரியிலும் பி: பஸ்ஸில் பயணியர் ஏறக்கூடாது. டேங்கர் பழகுபவருக்குத் தடை வரியில் எக்ஸ். தொட்டி இருக்கலாம், உள்ளே சரக்கு இருக்கக்கூடாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் தேர்வு கொடுத்தவருக்குத் தடை வரியில் இ; இனி அவர் கிளட்ச் மிதிக்கும் லாரியைத் தொட முடியாது. புளோரிடாவில் பாதிப் பேர் பையில் இருக்கும் அதே இ.

இவ்வளவு எழுத்தையும் கரைத்துக் குடித்தவரையும் மாநில எல்லை கவிழ்த்துவிடும். தடை வரிசையில் கே என்று ஒன்று உண்டு: மாநிலத்துக்குள் மட்டும். சிடிஎல்லைப் பெரும்பாலான மாநிலங்களில் பதினெட்டு வயதில் வாங்கலாம். எல்லை தாண்டி வணிகம் செய்ய வயது 21. டெக்சாஸில் எல் பாசோவிலிருந்து டெக்சர்கானா வரை சுமார் 800 மைல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புவதற்குச் சற்றுக் குறைவு. பத்தொன்பது வயதுப் பையன் இதை முழுக்க ஓட்டிவரலாம், மாநிலம் தாண்டவில்லை. டெக்சர்கானாவில் ஸ்டேட் லைன் அவென்யூ என்றொரு தெரு. மேற்கே டெக்சாஸ், கிழக்கே ஆர்கன்சா. தபால் நிலையமும் நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம் ஒன்று இரண்டு மாநிலத்திலும் கால்வைத்து நிற்கிறது. பையன் எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குச் சரக்கு இறக்க லாரியைத் திருப்பினால் சட்டமீறல். 800 மைல் கூடும், தெருவின் குறுக்கே கூடாது. இந்த வயதினருக்கென மேற்பார்வையோடு ஒரு சோதனைத் திட்டத்துக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவைத்தது. அதனால் விதி போய்விடவில்லை.

பையன் தெருவுக்கு இப்பக்கமே நின்றுகொண்டால் தப்பினானா எனின், அதுவும் அன்று. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் எது என்று தீர்மானிப்பது சக்கரம் உருளும் மண் அல்ல, சரக்கின் தலைவிதி. வேறு மாநிலத்தில் கிளம்பிய பெட்டி எல் பாசோவில் கைமாறி டெக்சர்கானாவுக்குப் போகிறதென்றால், அது முழுப் பயணத்தின் ஒரு துண்டு. டெக்சாஸை விட்டு வெளியேறாமலேயே பையன் எல்லை தாண்டியவன் ஆகிறான். இன்னும் ஒரு கொக்கி. 10,001 பவுண்டு வண்டியில் இப்படிப்பட்ட வணிகம் செய்தால், சிடிஎல் தேவையில்லாத சின்ன லாரியானாலும், மருத்துவச் சான்றும் 21 வயதும் வேண்டும். தோட்டவேலைக்குப் பிக்கப்பும் டிரெய்லருமாகப் பக்கத்து மாநிலம் போய்வருபவர் தம் அட்டையில் உள்ள ஒற்றை எழுத்தை நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த எழுத்து இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. உரிமம் ஆளைப் பற்றியது என்று நாம் நினைக்கிறோம். அது வண்டியின் எடை, வயிற்றில் உள்ள பொருள், பொருளின் ஊர் ஆகியவற்றைப் பற்றியது. ஆள் வேற்றுமை உருபு மட்டுமே.

இக்கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்று தேடியதில் ஹவாய் அகப்பட்டது. நாலாபக்கமும் பசிபிக் கடல். லாரியில் ஏறி வேறு மாநிலம் போக வழியே கிடையாது. ஆனாலும் ஓவாஹு தீவில் எச்-1, எச்-2, எச்-3 என்று மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகள் உண்டு. கடைசியது 1997-இல் முடிந்தது. எந்த மாநிலத்துக்கும் இடையில் அவை ஓடவில்லை. கலிபோர்னியாவிலிருந்து கப்பலில் வந்த பெட்டியை ஹொனலூலு துறைமுகத்தில் சிடிஎல் தேவையில்லாத 10,001 பவுண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு அப்பால் உள்ள கடைக்குக் கிளம்பும் இருபது வயது டிரைவர், விதியை எழுத்துப்படி வாசித்தால், மாநிலம் விட்டு மாநிலம் வணிகம் செய்கிறார். அடுத்த பிறந்தநாள் வரைக்கும் அந்தப் பெட்டிக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.